எலக்ட்ரானிக் மியூசிக், சவுண்ட் டிசைன் படிப்பவரின் ஒரு வாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் எலக்ட்ரானிக் மியூசிக், சவுண்ட் டிசைன் டிப்ளமோ இரண்டாம் செமஸ்டர் படிக்கிறேன். வீடு தாம்பரம். தினமும் மின்சார ரயிலில் கோடம்பாக்கம் போய் வருகிறேன். ப்ளஸ் டூ முடித்த தம்பி தங்கைகளும், அவர்களுடைய அப்பா அம்மாக்களும், கல்யாண வீட்டில் பார்க்கும் சொந்தக்காரர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நின்றுகொண்டே சொல்லும் பதில் எப்போதும் அரைகுறையாகப் போகிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

இது டிஜே படிப்பா?

இல்லை. டிஜே என்பவர் இருக்கும் பாட்டுகளைக் கோத்து, எதிரே நிற்கும் கூட்டத்தின் மனசு அறிந்து ஓட்டுபவர். அது தனிக் கலை, அதற்குத் தனிப் பயிற்சி உண்டு. நாங்கள் படிப்பது ஒலியை உண்டாக்க. போனில் மெசேஜ் வந்தால் கேட்கும் 'டிங்', சினிமாவில் இருட்டு அறைக்குள் நுழையும்போது அடிவயிற்றில் உறுமும் சத்தம், வீடியோ கேமில் வாள் உரசும் ஒலி, பாட்டின் பின்னால் விரிந்து நிற்கும் அந்தப் பெயர் தெரியாத வாத்தியம், இவை எல்லாமே யாரோ ஒருவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்தவை.

வாரம் எப்படிப் போகும்?

திங்கள் சின்தசிஸ் (கருவியிலோ கம்ப்யூட்டரிலோ ஒலியைப் புதிதாகச் செய்வது) லேப். செவ்வாய் காதுப் பயிற்சியும் இசைக் கோட்பாடும். புதன் வரலாறு. வியாழன் மிக்ஸிங். வெள்ளிக்கிழமை அவரவர் செய்ததைப் போட்டுக்காட்ட வேண்டும். சனிக்கிழமை மைக்கை எடுத்துக்கொண்டு வெளியே. ஞாயிறு எடிட்டிங். வகுப்பு நேரத்தைவிட, ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்கும் நேரம்தான் அதிகம். அந்தத் தனிமை பிடிக்குமா என்று சேர்வதற்கு முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

சின்தசிஸ் லேபில் அப்படி என்னதான் செய்கிறீர்கள்?

முதல் திங்கட்கிழமை நடந்ததைச் சொன்னால் புரியும். சார் கம்ப்யூட்டரைத் திறக்கவே விடவில்லை. ஒரு வெண்கல மணியை மேஜைக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு ஒரு தட்டுத் தட்டினார். சத்தம் முழுதாக அடங்கும்வரை யாரும் பேசக் கூடாது, கேட்டதை எழுத வேண்டும் என்றார். நான் "டங்" என்று ஒரு வார்த்தை எழுதினேன். மறுபடியும் தட்டினார். இந்த முறை, தொடக்கத்தில் தகரம் உரசுவதுபோல ஒரு கூர்மை இருந்து சட்டென்று போய்விடுவது தெரிந்தது. ஆறாவது ஏழாவது தட்டில், மேலே இருக்கும் சன்னமான ஒலிகள் முதலில் செத்துப்போகின்றன, அடியில் ஒரு முனகல் மட்டும் கடைசிவரை நிற்கிறது, அந்த முனகலும் நேராக நிற்காமல் அலை அலையாக அசைகிறது என்று அரைப் பக்கம் எழுதியிருந்தேன். மணி ஒன்றுதான், அதற்குள் எத்தனை ஒலிகள்!

பிறகுதான் கம்ப்யூட்டர். 200 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 200 அதிர்வில், ஒரு சைன் அலை (கலப்பில்லாத ஒற்றை ஒலி). அதை 280 ஹெர்ட்ஸில் ஓடும் இன்னொரு சைன் அலை ஆட்டிவைக்கிறது. விகிதம் ஒன்றுக்கு 1.4. முழு எண் விகிதமாக இருந்தால் பிறக்கும் ஒலிகள் ஒரே சுருதிக்குள் அடங்கி நாதஸ்வரம், வயலின் பக்கம் போகும். 1.4 என்பதால் அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறி உலோகமாகக் கேட்கிறது. அடுத்தது முக்கியம். ஆட்டிவைக்கும் அலையின் பலத்தை, சத்தம் குறையக் குறைய அதோடு சேர்த்துக் குறைக்க வேண்டும். அப்போதுதான் சன்னமான ஒலிகள் முதலில் போகும். 15 நொடி விட்டுப் பார்த்தால், அறையில் மணி தொங்குகிறது!

இதற்கு எஃப்எம் சின்தசிஸ் என்று பெயர். எஃப்எம் என்றால் ஃப்ரீக்வென்சி மாடுலேஷன், ஒரு அலையின் அதிர்வெண்ணை இன்னொரு அலை ஆட்டுவது. 1967இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டுபிடித்தார். ஒரு சுரத்தின் வைப்ராட்டோவை (சுரம் லேசாக மேலும் கீழும் நடுங்குவதை) வேகமாக்கிக்கொண்டே போனபோது, ஒரு கட்டத்துக்கு மேல் அசைவு காதுக்குத் தெரியாமல் போய், சுரத்தின் நிறமே மாறியதைக் கேட்டார். யமஹா நிறுவனம் உரிமம் பெற்று 1983இல் அதை டிஎக்ஸ்7 கீபோர்டாகக் கொண்டுவந்தது. எண்பதுகளின் பாப் பாட்டுகளில் பளிங்குபோல ஒலிக்கும் எலக்ட்ரிக் பியானோவை நினைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அந்த கீபோர்டுதான்.

சௌனிங் சொன்ன எண்களைப் போட்டால் யாருக்கும் மணி வரும். ஆனால் மணி எப்படி அடங்குகிறது என்று காது அறியாதவருக்கு அந்த எண்களை மாற்றத் தெரியாது. அதற்குத்தான் அந்த ஏழு தட்டு.

கணக்கு வராது. படிக்கலாமா?

படிக்கலாம். பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். ஒரு நொடியில் 44,100 முறை ஒலியை அளந்து எழுதிவைத்தால் அதில் பாதி, அதாவது 22,050 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள ஒலியைத் திரும்பப் பெறலாம். மனிதக் காதின் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். சிடியின் எண் 40,000க்குச் சற்று மேலே இருப்பது இதனால்தான்.

இன்னொரு கணக்கு தினமும் தேவைப்படும். லேப்டாப் ஒலியைக் கொத்துக் கொத்தாகத்தான் கையாளும். கொத்துக்கு 1,024 சாம்பிள் (ஒருமுறை அளந்தது ஒரு சாம்பிள்) என்று வைத்தால் சுமார் 23 மில்லிநொடி தாமதம். காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும் என்பதால், அது நீங்கள் வாசிப்பதை எட்டு மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். தாளம் வாசிக்க முடியாது. 256க்கு இறக்கினால் ஆறு மில்லிநொடிக்கும் கீழே வந்துவிடும், விரலும் காதும் ஒட்டிக்கொள்ளும்.

கர்நாடக சங்கீதம் தெரிந்திருக்க வேண்டுமா? தெரிந்தால் இடைஞ்சலா?

கட்டாயம் இல்லை. இடைஞ்சலும் இல்லை. ஆனால் தெரிந்தவர்களுக்கு முதல் மாதம் ஒரு கோபம் வரும். எனக்கு வந்தது. எட்டு வருஷம் வாய்ப்பாட்டு படித்துவிட்டு மிடி கீபோர்டில் தோடி ராகத்தின் காந்தாரத்தை அழுத்தினால், அது தோடியே இல்லை. கட்டை மாதிரி நிற்கிறது. தோடியின் காந்தாரம் நிற்கிற சுரமா? ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கிற சுரம்.

1983இல் வெளிவந்த மிடி என்பது கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் மொழி. அது ஒவ்வொரு சுரத்துக்கும் 0 முதல் 127 வரை ஒரு எண் கொடுக்கிறது. 440 ஹெர்ட்ஸுக்கு எண் 69. படிக்கட்டு மாதிரி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நிற்க இடமில்லை. நடுவில் நழுவ வேண்டுமென்றால் பிட்ச் பெண்ட் என்ற சக்கரத்தைத்தான் பிடிக்க வேண்டும். அதில் 16,384 நிலைகள் உண்டு. வழக்கமாக மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தோடியின் சாதாரண காந்தாரத்திலிருந்து கீழே இரண்டு அரைச்சுரத்தில் சுத்த ரிஷபம், மேலே இரண்டு அரைச்சுரத்தில் சுத்த மத்திமம். சக்கரத்தின் முழு நீளமும் சரியாகத் தோடி காந்தாரத்தின் ஊஞ்சல்! அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் வளைவை வரைவது எளிதில்லை. நேராக ஏற்றி இறக்கினால் ஆம்புலன்ஸ் சைரன். பாடகரின் பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். ரிஷபத்தின் பக்கம் ஒரு கணம் ஊன்றி, மத்திமத்தைத் தொட்டதும் உடனே திரும்புகிறது, ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிட வேறு நீளம். மூன்று வாரம் போராடி நாலு நொடி கமகம் (சுரத்தின் இந்த ஆட்டம்) வரைந்திருக்கிறேன். என் பாட்டு டீச்சரிடம் போட்டுக்காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "மூணாவது அசைவு மட்டும் பொய்டி" என்றார். இன்னும் அதை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

நம் வாத்தியங்களைப் பற்றி ஏதாவது சொல்லித்தருகிறார்களா?

தருகிறார்கள். எனக்குப் பிடித்தது மிருதங்கம். சாதாரணமாக இழுத்துக் கட்டிய வட்டத் தோலைத் தட்டினால் அதிலிருந்து வரும் ஒலிகளின் விகிதம் 1, 1.59, 2.14, 2.30 என்று தாறுமாறாக இருக்கும். அதனால்தான் பல பறைகளுக்குச் சுருதி துல்லியமாகச் சொல்ல முடிவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் கருப்பாக அப்பியிருக்கும் மருந்து தோலின் நடுவில் எடையைக் கூட்டி, அந்த விகிதத்தை 1, 2, 3, 4, 5 என்று வரிசைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. தோல் பாடத் தொடங்குகிறது. இதை 1920இலேயே சி.வி. ராமன் 'நேச்சர்' இதழில் எழுதினார். அந்த மருந்தை அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றும் கைவினைஞர்களுக்கு இது காதால் தெரிந்திருந்தது. சவுண்ட் டிசைன் என்ற பெயர் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே அவர்கள் செய்தது அதைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

வரலாறு வகுப்பு எதற்கு? வெளிநாட்டுக்காரர்களின் கதைதானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சின்தசைசரோடு ஒரு எலக்ட்ரானிக் மியூசிக் ஸ்டூடியோ அமைந்தது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து நிறுவிக்கொடுத்தார். அதற்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் கீதா சாராபாய். 1946இல் நியூயார்க்கில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தவர். அங்கே பதிவான ஒலிநாடாக்கள் பல பத்தாண்டுகள் அலமாரியில் கிடந்து, அண்மையில்தான் வெளி உலகத்தின் காதுக்கு வந்தன. அதேபோல 1982இல் மும்பை சினிமா இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங், ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 தாள இயந்திரம், டிபி-303 பேஸ் இயந்திரம் இவற்றின் துணையோடு பத்து ராகங்களை வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார். அன்று விற்கவில்லை. சிகாகோவில் அதே டிபி-303ஐ வைத்து ஆசிட் ஹவுஸ் என்ற இசை பிறந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான்.

வெளிநாட்டுக் கதைகளிலும் ஒன்று மனசில் நின்றுவிட்டது. லண்டனில் டாஃப்னி ஓரம் என்ற பெண் போராடிப் போராடி, 1958இல் பிபிசியின் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப் (நிகழ்ச்சிகளுக்குப் புது ஒலிகள் செய்யும் ஸ்டூடியோ) உருவாகக் காரணமானார். பின்னால் அங்கே வேலை செய்த டீலியா டெர்பிஷயருக்கு ஒரு பழைய பச்சை விளக்குக் கூண்டின் ஒலி ரொம்பப் பிடிக்கும். அதைத் தட்டிப் பதிவுசெய்து, தட்டு விழும் முதல் கணத்தை நாடாவிலிருந்து வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சிய ரீங்காரத்தை மட்டும் வைத்து இசை கட்டினார். எங்கள் வெண்கல மணியை வைத்து அதே போலச் செய்து பார்த்தேன். முதல் கணம் போனதும் அது மணியே இல்லை, தூரத்தில் யாரோ பலபேர் சேர்ந்து முனகுவதுபோல இருந்தது. ஒரு பொருளைக் காது அடையாளம் கண்டுகொள்வது பெரும்பாலும் அந்த முதல் கணத்தில்தான்.

சனிக்கிழமை வெளியே போய் எதைப் பதிவுசெய்வீர்கள்?

ஒவ்வொரு மாதமும் ஒரு தலைப்பு. முதல் மாதம் ரயில். கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை வாசல் பக்கம் நின்று பதிவுசெய்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் காற்று மைக்கை அறைந்த 'புஸ்புஸ்' மட்டும்தான். ஹாரன் வந்த இடங்களில் அலையின் உச்சி வெட்டுப்பட்டு உடைந்திருந்தது. அப்படி வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான், எந்த சாஃப்ட்வேரும் முழுசாக மீட்டுத் தராது. இப்போது பஞ்சு உறை இல்லாமல் மைக்கை வெளியே எடுப்பதில்லை. 24 பிட்டில், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வைக்கிறேன் (ரெக்கார்டரில் பூஜ்யம்தான் ஒலி வெட்டுப்படும் எல்லை). குறைவாகப் பதிந்ததை ஏற்றிக்கொள்ளலாம்.

இந்த மாதத் தலைப்பு 'வீட்டு இயந்திரம்'. நான் எடுத்தது எங்கள் வீட்டு கிரைண்டர். பீசோ தகடு என்று எலக்ட்ரானிக் கடையில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, பித்தளை நிறத்தில் கிடைக்கும். அதில் ஒயர் பற்றவைத்தால் கான்டாக்ட் மைக். காற்றில் வரும் சத்தத்தை அது கேட்காது, தொட்டுக்கொண்டிருக்கும் பொருளின் அதிர்வை மட்டும்தான் கேட்கும். நேராக லேப்டாப்பில் செருகினால் அடிச்சத்தமே இல்லாமல் மெலிந்து வரும். ரெக்கார்டரில் கிடார் செருகும் உயர் மின்தடை உள்ளீடு இருக்கும், அதில்தான் செருக வேண்டும். நனையாத இடமாகப் பார்த்து, கிரைண்டரின் வெளிக்கூட்டில் இன்சுலேஷன் டேப் போட்டு ஒட்டினேன்.

அம்மா அரிசியைப் போட்டு ஓடவிட்டார். ஹெட்போனில் கேட்டது வேறு உலகம். அடியில் மோட்டாரின் ஹம், கரண்டின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். அதற்கு மேலே அரிசி கல்லில் நசுங்கும் 'கரகர'. தண்ணீர் விட்டதும் கரகரப்பு தேய்ந்து 'சளசள' ஆனது. திங்கட்கிழமை லேபில் ஃபில்டரின் குமிழைத் திருப்பி மேல் ஒலிகளை ஒவ்வொன்றாக மூடுவோமே, மாவு அரைபட அரைபட அதேதான் நடக்கிறது, யாரும் குமிழைத் தொடாமல், இருபது நிமிஷத்தில், மெது மெதுவாக! உளுந்து போட்டபோது பொங்கி வரும் மாவுக்குள் கல் விழும் 'பொத் பொத்'. அம்மா அடுப்படியில் வேறு வேலையாக இருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை, "போதும், நிறுத்து" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "சத்தம் சொல்லுதே" என்றார்.

லேப்டாப், சாஃப்ட்வேர் எல்லாம் லட்சக்கணக்கில் ஆகுமா?

ஆகாது. பியூர் டேட்டா, சூப்பர்கொலைடர், ஆடாசிட்டி, சர்ஜ் எக்ஸ்டி எல்லாம் இலவசம். காசு கொஞ்சம் இருந்தால் முதலில் நல்ல ஹெட்போன் வாங்குங்கள், பிறகு ஒரு சின்ன ரெக்கார்டர். சின்தசைசர் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு நகல் வையுங்கள். முதல் செமஸ்டரில் என் ஹார்டு டிஸ்க் போய், மூன்று மாதப் பதிவுகள் மொத்தமும் போயின. அன்று பெய்த மழையைத் திரும்பப் பதிவுசெய்ய முடியாது.

இவ்வளவு நேரம் ஹெட்போனில் கேட்டால் காது என்ன ஆகும்?

இதைப் பெற்றோர் கேட்டால் சந்தோஷப்படுகிறேன், ஏனென்றால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம்வரை இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழிலிட நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். திருவிழா ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. உள்காதின் நுண்மயிர் செல்கள் ஒருமுறை போனால் மறுபடி முளைக்காது. நான் பேசும் குரல் அளவுக்கு மேலே வைத்துக் கேட்பதில்லை, முக்கால் மணிக்கு ஒருமுறை கழற்றிவைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவேன்.

படித்தால் வேலை கிடைக்குமா? எங்கே படிக்கலாம்?

மாதச் சம்பள வேலை உடனே கிடைக்கும் என்று சொன்னால் அது பொய். சீனியர்கள் பெரும்பாலும் சாலிகிராமம், வடபழனி ஸ்டூடியோக்களில் உதவியாளராகச் சேர்ந்து, வசனச் சுத்தம், காலடிச் சத்தம் என்று தொடங்குகிறார்கள். விளம்பரம், கேம், பாட்காஸ்ட், ஆப் ஒலிகள் என்று வேறு வாசல்களும் உண்டு. இந்த வேலையில் எவ்வளவு உயரம் போகலாம் என்று கேட்டால், புனே திரைப்படக் கல்லூரியில் படித்த ரசூல் பூக்குட்டி 2009இல் ஒலிக்கலவைக்கு ஆஸ்கர் வாங்கினார். சென்னையில் தரமணி எம்ஜிஆர் திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவுப் பட்டப்படிப்பு உண்டு. 2008இல் ஏ.ஆர். ரகுமான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி கோடம்பாக்கத்தில்தான் உருவானது. எங்கே சேர்ந்தாலும் சேர்வதற்கு முன் ஒரு நாள் லேபில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். விளம்பரத் தாளைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை விமர்சனத்தில் அழுதுவிட்டாய் என்று கேள்விப்பட்டோம். உண்மையா?

உண்மை. முதல் செமஸ்டரில் ஒருநாள். நான் போட்டுக்காட்டிய இரண்டு நிமிஷத்தில் நாற்பது அடுக்கு ஒலி வைத்திருந்தேன். சார் ஒவ்வொன்றாக மூடச் சொன்னார். முப்பத்தி நான்கை மூடியும் வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை. கேட்காத ஒலியை எதற்கு வைத்தாய் என்றார். இப்போது எட்டு அடுக்குக்கு மேல் வைப்பதில்லை, வைக்கும் ஒவ்வொன்றும் எதற்கு என்று என்னால் சொல்ல முடியும்.

வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

அப்பாவுக்கு இன்னும் கவலை உண்டு. பேங்க் பரீட்சை விண்ணப்பத் தேதிகளை எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார், நானும் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

கிரைண்டர் உருப்படியைப் போன ஞாயிற்றுக்கிழமை முடித்தேன். கிரைண்டர் டிரம் எங்கள் வீட்டில் நிமிஷத்துக்கு 132 சுற்று ஓடுகிறது என்று எண்ணி, அதையே காலப்பிரமாணமாக வைத்துக்கொண்டேன். மாவுச் சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே இறக்கி அடிநாதம். அரிசியின் கரகரப்பைத் துண்டு துண்டாக நறுக்கித் தாளம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டு மட்டும் இழையளவு தாமதமாக விழுந்தது. எடிட்டிங்கில் நேராக்கிப் பார்த்தேன், உயிரே போய்விட்டது. அதனால் அப்படியே விட்டு, அந்தத் தாமதத்தைச் சுற்றித்தான் மொத்த உருப்படியையும் கட்டினேன்.

அம்மாவை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினேன். மூன்றரை நிமிஷம். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிந்ததும், இன்னொரு தரம் போடு என்றார். பாதியில் விரலைத் தூக்கி, அந்தத் தாமதத் தட்டு விழும்போதெல்லாம் தொடையில் தட்டிக் காட்டினார்.

"இங்க பாரு. இங்க. இங்க. ரெண்டு கல்லுல ஒண்ணு தேஞ்சு போச்சு. கொத்தணும். இத்தன நாளா எனக்கே தெரியலையேம்மா."